குறைவாகச் செதுக்கும் பல் வெனியர்: யாழ்ப்பாணத்தில் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நல்லூர்க் கொடியேறி, ஆவணிக் கலியாணங்கள் தொடங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பல் கிளினிக்குகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கும். "டொக்டர், இன்னும் பத்து நாளில கலியாணம். முன்பல்லை வடிவாக்கித் தர ஏலுமோ?" கேட்பவர் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ லீவில் வந்திருப்பார், அல்லது இங்கேயே இருக்கும் மணமகளாக இருப்பார். கையில் போன், அதில் யாரோ ஒருவருடைய வெள்ளைவெளேர் சிரிப்பு.

ஏலும்தான். பத்து நாளில் பல்லைச் சுற்றிவரச் செதுக்கி, பல் முழுவதையும் மூடும் உறையான கிரவுணை மாட்டிவிடலாம். ஆனால் பல்லின் கடினமான வெளிப்படையான எனாமலைச் செதுக்கினால் அது பிறகு ஒருநாளும் வளராது. இருபத்தைந்து வயதில் நல்ல பல்லைக் கரைத்துவிட்டால் அடுத்த நாற்பது, ஐம்பது வருடம் அந்தப் பல்லுக்கு மாற்றி மாற்றி உறை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். துருக்கிக்குப் போய் ஒரே கிழமையில் இருபது பல்லையும் 'வெனியர்' என்ற பெயரில் செய்துவந்த சிலரின் வாயைப் பார்த்தால், உள்ளே இருப்பது வெனியர் அல்ல, கிரவுண்.

பல்லில் எவ்வளவு குறைவாகக் கை வைத்து எவ்வளவு மாற்றத்தைப் பெறலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

வெனியர் என்பது என்ன

முன்பல்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடுதான் வெனியர். வழமையான பீங்கான் வெனியருக்குப் பல்லில் 0.5 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை எடுப்பார்கள். குறைவாகச் செதுக்கும் முறையில் ஓட்டின் தடிப்பே 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர்தான், கிட்டத்தட்ட விரல் நகம் அளவு. சில பற்களில் ஒன்றுமே செதுக்காமல், விளிம்பை மினுக்கிவிட்டு மட்டும் ஒட்டலாம். கிரவுணுக்கு என்றால் வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும்.

இந்த அரை மில்லிமீற்றர் கணக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மேல் முன்பல்லின் கடிக்கும் விளிம்புப் பக்கம் எனாமல் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இருக்கும். முரசுக்குக் கிட்டப் போகப் போக அது மெலிந்து 0.3, 0.4 என்று வந்துவிடும். அந்த இடத்தில் அரை மில்லிமீற்றர் எடுத்தால் எனாமல் முடிந்து அடியில் இருக்கும் டென்டின் வெளியே வரும். டென்டின் ஈரமானது, நரம்புடன் தொடர்புடையது, கூசும். அதைவிட முக்கியம், பசை எனாமலில் பிடிக்கும் அளவுக்கு அதில் நீண்டகாலம் பிடிக்காது. வெனியர் கழருவதற்கும் விளிம்பில் கறுப்பதற்கும் பெரிய காரணம் இதுதான்.

1928இல் கலிபோர்னியாவில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர் ஹொலிவூட் நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். பல்செட் ஒட்டும் தூளால் ஒட்டுவார், படப்பிடிப்பு முடியக் கழற்றிவிடவேண்டியதுதான். 1955இல் மைக்கேல் பொனகோர் எனாமலில் பொஸ்போரிக் அமிலம் தடவினால் றெசின் என்ற செயற்கைப் பிசின் இறுக்கமாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. அதன்பிறகுதான் வெனியர் பல வருடம் நிற்கத் தொடங்கியது.

முதல் படி: உங்களுக்கு வெனியர் தேவைதானா

வெனியர் கேட்டு வருபவர்களில் கணிசமானோருக்கு அது தேவைப்படாது. கிளினிக்குக்கு வருமானம் குறையும் பேச்சுத்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தேத்தண்ணீர், வெற்றிலை, சிகரெட் கறை பல்லின் மேலே படிவது. பற்காரையை எடுத்து மினுக்கினாலே போய்விடும். பல் முழுவதும் மஞ்சளாக இருந்தால் வெளுக்க வைக்கலாம். விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தால் கொம்போசிற் என்ற பல் நிற நிரப்பு றெசின் வைத்து ஒரே நாளில் நிரவலாம். பல் திரும்பியோ நெருங்கியோ இருந்தால் கிளிப் அல்லது கண்ணுக்குத் தெரியாத அலைனர் தட்டுத்தான் சரியான வழி. கோணல் பல்லைச் செதுக்கி நேராகக் காட்டுவதற்கு நிறையப் பல்லை இழக்கவேண்டிவரும்.

வெள்ளைப் புள்ளி, பழுப்புத் திட்டுப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வவுனியா, அனுராதபுரம் பக்கக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட் கூடுதல். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் இந்தத் திட்டுகள் வரும். இடம்பெயர்ந்து வன்னிப் பக்கம் வளர்ந்து, இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் இளம் ஆட்கள் சிலரிலும் இதைப் பார்க்கலாம். பலருக்கு அது பல் விளக்காத குறை என்று வீட்டில் ஏச்சும் விழுந்திருக்கும். விளக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இலேசான திட்டு என்றால் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் தேய்த்தெடுக்கலாம், வெளுக்க வைக்கலாம், மெல்லிய றெசினை உள்ளே இறங்கவிட்டுத் திட்டை மறைக்கலாம். இவை எல்லாம் செய்தும் போதாது என்றால்தான் வெனியர்.

அப்போ குறைவாகச் செதுக்கும் வெனியர் யாருக்குப் பொருந்தும்? பல் சின்னதாக இருப்பவருக்கு, முன்பல்லுக்கு நடுவே இடைவெளி உள்ளவருக்கு, முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் கூம்பி நிற்பவருக்கு, விளிம்பு தேய்ந்து பல் குட்டையானவருக்கு. சுருக்கமாக, ஏதாவது சேர்க்கவேண்டிய இடத்தில் அது அருமையாக வரும். ஏற்கெனவே மிதப்பாக இருக்கும் பல்லில் செதுக்காமல் ஓடு ஒட்டினால் இன்னும் மிதப்பாகத் தெரியும். ரூட் கனால் செய்து கறுத்த பல்லை மெல்லிய ஓடு மறைக்காது, கறுப்பு ஊடாகத் தெரியும். பெரிய நிரப்பல் உள்ள பல், சூத்தை கூடிய வாய், முரசில் இரத்தம் வரும் வாய், வளர்ச்சி முடியாத பிள்ளைகள், நித்திரையில் பல் நெருமுபவர்கள் எல்லோரும் முதலில் வேறு வேலை பார்க்கவேண்டும்.

இரண்டாம் படி: ஆளைத் தெரிவு செய்தல்

இலங்கையில் பல் வைத்தியர் ஒருவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை அல்ல. அழகு நிலையத்தில் வைத்து வெனியர் ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எக்ஸ்றே இல்லாமல், சூத்தை பார்க்காமல், சூத்தைக்கு மேலேயே ஓடு ஒட்டினால் உள்ளே பல் அழுகிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

பதிவுள்ள வைத்தியரிடமும் சில கேள்விகள் கேளுங்கள். எத்தனை பல்லில் எத்தனை மில்லிமீற்றர் எடுப்பீர்கள்? முழுவதும் எனாமலுக்குள் நிற்குமா? ஒட்டுவதற்கு முன் என் வாயிலேயே மாதிரி வைத்துக் காட்டுவீர்களா? நீங்கள் செய்த பழைய வேலைகளின் படம் இருக்கிறதா, முக்கியமாக ஒன்றிரண்டு வருடம் கழித்து எடுத்த படம்? கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒட்டிய அன்று எடுத்த படத்தில் எல்லா வெனியரும் வடிவு.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் அங்கே போய்ச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெனியரின் விளிம்பில் ஒரு சின்ன வெடிப்பு வந்தால் டிக்கெட் போட்டா போவீர்கள்? கிட்ட இருப்பவரிடம் செய்வதில் உள்ள பெரிய லாபம் அதுதான்.

மூன்றாம் படி: வாயைத் தயார் செய்தல்

முதல் சந்திப்பில் எக்ஸ்றே, படம், முரசுப் பரிசோதனை. சூத்தை இருந்தால் அடைக்கவேண்டும், பற்காரையை எடுக்கவேண்டும். முரசு வீங்கியிருக்கும்போது அச்சு எடுத்தால், பிறகு வீக்கம் வற்றியதும் வெனியரின் விளிம்பு வெளியே தெரியும். ஆகவே முரசு ஆறும் வரை இரண்டு மூன்று கிழமை காத்திருப்பது வீண் தாமதம் இல்லை. வெற்றிலை போடுபவர் என்றால் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழகைவிடப் பெரிய விஷயம் அது.

பல்லை வெளுக்க வைப்பதாக இருந்தால் இப்போதே செய்துவிடவேண்டும். பீங்கானும் கொம்போசிற்றும் ஒட்டியபிறகு வெளுக்காது. பக்கத்துப் பல் மட்டும் வெள்ளையாகிப் போனால் வெனியர் மஞ்சளாகத் தெரியும். வீட்டில் இரவில் பல்லில் மாட்டும் தட்டும் அதற்குள் விடும் 10% காபமைட் பெரொக்சைட் என்ற வெளுக்கும் ஜெல்லும் மெதுவான, நம்பகமான வழி. இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும். முடிந்தபின் இரண்டு கிழமை இடைவெளி விடவேண்டும். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஒட்சிசன் பசை இறுகுவதைக் கெடுக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. அந்த நாட்களில் நிறமும் ஓரிடத்தில் நிலைத்துவிடும்.

நான்காம் படி: வாயில் வைத்துப் பார்க்கும் மாதிரி

முழுச் சிகிச்சையிலும் நான் மிக முக்கியமானதாக நினைப்பது இதைத்தான். அச்செடுத்த மாதிரியில் மெழுகால் அல்லது கணினியில் புதிய பல்லின் வடிவத்தைக் கட்டுவார்கள். அதற்கு ஒரு சிலிக்கன் வார்ப்பு எடுத்து, உள்ளே தற்காலிக றெசினை நிரப்பி, செதுக்காத உங்கள் பல்லின் மேலேயே அழுத்துவார்கள். சில நிமிடத்தில் எடுத்தால் புதிய சிரிப்பு வாயில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம், பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த நேரத்தில் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பேசுங்கள். "வவுனியா" என்று சொல்லிப் பாருங்கள். வகரத்துக்கு மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டை இலேசாகத் தொடவேண்டும். பல் நீளம் கூடியிருந்தால் உதட்டில் இடறும். "சங்கானை, சாவகச்சேரி" என்று சொல்லும்போது விசிலடித்தால் தடிப்போ இடைவெளியோ சரியில்லை. எழுந்து நின்று, வெளிச்சத்துக்குப் போய், போனில் சிரித்து ஒரு வீடியோ எடுங்கள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அவர்களின் முகத்தையும் பாருங்கள். ஒருநாள் ஒரு அக்கா மாதிரியுடன் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்தநாள் வந்து, "அம்மா சொல்லுறா, என்னை மாதிரியே இல்லையாம்" என்றார். விளிம்புகளை ஒரே கோட்டில் வெட்டாமல் பக்கப் பல்லை ஒரு சிறிது குட்டையாக்கியதும் சரியாகிவிட்டது. இதே பேச்சு ஒட்டியபிறகு வந்திருந்தால் என்ன செய்வது?

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் பார்க்கும் ஆக வெளுத்த நிறம் நம் தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் பல்செட் போலத் தெரியும். கண்ணின் வெண்பகுதியைவிட வெள்ளையாகப் போகாதீர்கள். நிறத்தைச் சந்திப்பின் தொடக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில், வாயில் ஈரம் இருக்கும்போதே பார்க்கவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் வாயைத் திறந்துவைத்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகக் காட்டும்.

ஐந்தாம் படி: செதுக்குதலும் அச்சும்

நல்ல வைத்தியர் மாதிரியை வாயில் விட்டபடியே அதற்கு ஊடாக ஆழம் அளக்கும் பூர் என்ற சின்னச் செதுக்கு முனையால் கோடு போடுவார். இறுதியில் பல் எங்கே நிற்கப்போகிறது என்பதிலிருந்து அளந்து எடுப்பதால், சில இடத்தில் மாதிரியின் றெசின் மட்டுமே போகும், உங்கள் பல் தொடப்படாது. நேரே பல்லில் வைத்து அரை மில்லிமீற்றர் எடுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எனாமலுக்குள் நின்றால் விறைக்கும் ஊசி பலருக்குத் தேவைப்படாது. முரசை இலேசாக ஒதுக்க மெல்லிய நூல் வைப்பார்கள், அப்போது கொஞ்சம் நோகலாம்.

துளியும் செதுக்காத வெனியர்தான் எப்போதும் சிறந்தது என்றும் எண்ணவேண்டாம். விளிம்பு முடியும் இடத்தில் ஓடு படியாக நின்றால் அங்கே ஊத்தை சேரும், முரசு சிவக்கும், சிரிப்பும் தடித்துத் தெரியும். 0.3 மில்லிமீற்றர் எடுத்து விளிம்பைச் சமப்படுத்துவது சிலவேளை ஒன்றும் எடுக்காமல் இருப்பதைவிட நல்லது.

பிறகு ஸ்கானரால் அல்லது சிலிக்கனால் அச்செடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வுகூடம் கொழும்பில் இருந்தால் போக வர நாட்களைக் கணக்கில் வையுங்கள். அதுவரைக்கும் மாதிரி செய்த அதே வார்ப்பில் தற்காலிக ஓடு போட்டுவிடலாம். அதுவும் ஒரு ஒத்திகைதான்: அந்த நாட்களில் சாப்பிட்டு, பேசி, சிரித்துப் பார்த்து, குறை இருந்தால் ஆய்வுகூடத்துக்குச் சொல்லலாம்.

எதில் செய்வது

லிதியம் டைசிலிகேற் என்பதுதான் இப்போது அதிகம் பயன்படும் பீங்கான் வகை. மெல்லியதாகச் செய்தாலும் பலம் உண்டு, ஒட்டும்போது நன்றாகப் பிடிக்கும். அடுக்கடுக்காகக் கையால் கட்டும் பழைய பெல்ட்ஸ்பார் பீங்கான் இன்னும் மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும் விதம் இயற்கைப் பல்லுக்கு ஆகக் கிட்ட வரும். ஆனால் பலம் குறைவு, செய்யும் கை தேர்ந்ததாக இருக்கவேண்டும்.

கொம்போசிற் வெனியரை வைத்தியரே கதிரையில் வைத்துக் கட்டிவிடலாம். செலவு குறைவு, பெரும்பாலும் செதுக்கவே வேண்டாம், உடைந்தால் ஒட்டலாம். ஆனால் பிளேன்ரீ, மஞ்சள், வெற்றிலைக் கறை பிடிக்கும், மினுக்கம் மங்கும். ஐந்து முதல் ஏழு வருடம் நிற்கும் என்று கணக்கு வையுங்கள். பீங்கான் எனாமலில் சரியாக ஒட்டினால் பத்து வருடம் கடந்தும் பத்தில் ஒன்பது நிற்கும். இருபது வயதுக் காரருக்கு நான் முதலில் சொல்வது கொம்போசிற்தான். பத்து வருடத்தில் மனமும் மாறும், முகமும் மாறும். பீங்கானுக்கு அப்போது போகலாம்.

ஆறாம் படி: ஒட்டும் நாள்

இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். அவசர வேலைக்கு இடையில் வைக்காதீர்கள். முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். நீரில் கழுவினால் போய்விடும் பரிசோதனைப் பசையுடன் நிறத்தைச் சரிபார்ப்பார்கள். கண்ணாடியில் பார்த்து நீங்கள் சரி என்று சொல்லவேண்டிய கடைசிச் சந்தர்ப்பம் இது. மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள்.

அப்புறம் உள்ள வேலை முழுவதும் ஈரத்துடன் ஒரு போராட்டம். எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டு கெடும் என்பதால் ரப்பர் டாம் என்ற றப்பர் விரிப்பால் பல்லை வாயிலிருந்து பிரித்துவிடுவார்கள். ஓட்டின் உட்பக்கத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து, பசை பிடிக்க உதவும் சிலேன் திரவத்தைத் தடவுவார்கள். பல்லில் 37% பொஸ்போரிக் அமிலத்தை ஏறத்தாழ அரை நிமிடம் வைத்துக் கழுவி உலர்த்தினால் எனாமல் மினுக்கம் போய் மங்கிய வெள்ளையாகும். அந்த மங்கல் நிறம்தான் எனாமல் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு பசை, ஓடு, நீல வெளிச்சம். ஓரிரு விநாடி வெளிச்சம் காட்டி, பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுத்து, பிறகு முழுதாக இறுக வைப்பார்கள். பல்லிடுக்கில் நூல் தடையின்றிப் போகிறதா என்று பார்க்காமல் கதிரையை விட்டு இறங்காதீர்கள். அங்கே மிஞ்சும் பசைதான் பிறகு முரசில் இரத்தம் வரவைக்கும்.

லீவில் வருபவர்களுக்கு

மேலே சொன்னவற்றைக் கூட்டினால், வெளுக்க வைப்பதும் சேர்ந்தால் இரண்டு மாதம், அது இல்லாமல் மூன்று நான்கு கிழமை தேவை. மூன்று கிழமை லீவில் வருபவர் பற்காரை எடுத்தல், சூத்தை அடைத்தல், வெளுக்க வைத்தல் ஆகியவற்றை இருக்கும் ஊரிலேயே முடித்துவிட்டு வரலாம். படமும் எக்ஸ்றேயும் முன்பே அனுப்பிவைத்தால் வந்த மறுநாளே மாதிரி வைக்கலாம். அதற்கும் நேரம் இல்லை என்றால் கலியாணத்துக்கு கிளீனிங்கும் ஒன்றிரண்டு பல்லில் கொம்போசிற்றும் போதும். உண்மையில் கலியாணப் படத்தில் வித்தியாசம் தெரியாது.

செலவைப் பேசும்போது ஒரு பல்லுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மாதிரி, தற்காலிக ஓடு, இரவில் பல்லைக் காக்க மாட்டும் நைட் கார்ட், ஆறு மாதப் பரிசோதனை எல்லாம் அதற்குள்ளா, ஒரு வருடத்துக்குள் கழன்றால் யார் பொறுப்பு என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒட்டியபிறகு

சாதாரணமாகச் சாப்பிடலாம். முன்பல்லால் செய்யக்கூடாத வேலைகள்தான் உண்டு. புழுக்கொடியலை முன்பல்லால் கடித்து முறிப்பது, நண்டுக் காலை உடைப்பது, சோடாப் போத்தல் மூடியைத் திறப்பது, தையல் நூலைக் கடித்து அறுப்பது எல்லாம் இனி இல்லை. புழுக்கொடியலை இடித்து, கடைவாயில் வைத்து மெல்லலாம். நண்டுக்கு அம்மிக்குழவி இருக்கிறது. கச்சான், முறுக்கு பிரச்சினை இல்லை.

மென்மையான பிரஷ், புளோரைட் பற்பசை, ஒவ்வொரு இரவும் பல்லிடுக்கு நூல். கரி, உமிச்சாம்பல், உப்புத்தூள் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; ஓட்டின் மினுக்கம் போகும். பல் நெருமும் பழக்கம் இருந்தால் இரவில் நைட் கார்ட் கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். கிளீனிங் செய்பவரிடம் வெனியர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

முதல் சில நாட்கள் குளிருக்குக் கொஞ்சம் கூசலாம், அது தணியும். இரண்டு கிழமைக்கு மேல் கூசினாலோ, கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முந்தி முட்டினாலோ போய்க் காட்டவேண்டும்.

ஓடு கழன்று கையில் வந்தால் பதற வேண்டாம். சுப்பர் குளூ வைத்து வீட்டில் ஒட்டவும் வேண்டாம்; அந்தப் பசையைச் சுரண்டும்போதுதான் ஓடு உடையும். உடையாமல் முழுதாக இருந்தால், கழுவி ஒரு சின்ன டப்பாவுக்குள் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் அதையே சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம்.